மீன்முள்ளும் சிங்கமும்

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் எங்கள் கிபுயே சந்தையில் காலையில் கடை விரிக்கும்போது பெண்கள் ஒருவரையொருவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, புருஷன் வீடு வந்து சேர்ந்தானா. அபோண்டியிடம் மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை.

"மின் அகெலோ, நேத்து என்ன விளையாடின?"

அபோண்டியின் மகள் பெயர் அகெலோ என்பதால் தாய் எங்களுக்கு மின் அகெலோ, அகெலோவின் அம்மா. வறுத்த ங்கெகே மீன் விற்கிறவள். பக்கத்துப் பலகையில் நான் ஒமேனா விற்கிறேன், காய்ந்த பொடிமீன். அவள் எண்ணெய் வாடை என் துணியிலும் என் கருவாட்டு வாடை அவள் துணியிலும் ஏறிப் பல வருஷமாகிவிட்டது. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வேறு எவளாவது சொல்ல வந்தால் சண்டைக்குப் போவேன்.

கேள்வி காதில் விழுந்ததும் அபோண்டி கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். வாடிக்கையாளர் நின்றாலும் நிற்கட்டும்.

"போன்ல மிட்டாய் உடைக்கிறத விட்டுட்டேன். அது பால்குடிப் பிள்ளைங்க சமாச்சாரம். ரயில் தண்டவாளத்துல ஒருத்தன் ஓடுவானே, அவனையும் விட்டாச்சு. எப்பப் பாத்தாலும் ஓடுறான், எங்க போறான்னு அவனுக்கே தெரியல. தோட்டம் போடுற விளையாட்டுல தக்காளி நல்லா வந்துச்சு, ஆனா பறிச்சு யாருக்கு விக்கிறது? இப்ப முழுக்கப் பந்துதான்."

"மீன் விக்கிறது எப்ப?" என்பேன் நான்.

"மீன் எங்கயும் ஓடிப்போகாது. செத்துத்தானே கெடக்கு."

போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டிருப்பாள். பைக்கு மேலேயே விரல் ஓடும். எண்ணெய்க் கை, செதில் ஒட்டிய கை, எதற்கும் அந்தப் பை அசைந்து கொடுத்தது கிடையாது. எனக்கு அந்த விளையாட்டில் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் அவள் ஜெயித்த அன்று மீன் கொஞ்சம் பெரிதாகவே வெட்டப்படும் என்பது மட்டும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவள் இதில் இறங்கிய கதை சிரிப்புக்குரியதல்ல. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் ஒக்வேனோ இறந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, அவன் போன் அவள் கையில் மிஞ்சியது. அதில் அவன் பாதியில் நிறுத்தியிருந்த மிட்டாய் விளையாட்டு. அந்தக் கட்டத்தை மட்டும் அவனுக்காக முடித்துவிடலாம் என்று தொடங்கினாள். முடித்தபோது அடுத்த கட்டம் தானாகத் திறந்தது. "அங்கயே நிறுத்தியிருந்தா அவரோட சேத்து நானும் நின்னு போயிருப்பேன்," என்று ஒருமுறை சொன்னாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பந்து விளையாட்டில் முகம் தெரியாத யாரோடும் மோதலாம். பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வைத்த பெயர் மீன்முள். "தொண்டையில சிக்குற வரைக்கும் எவனுக்கும் தெரியாது," என்பாள். ஆட்டத்துக்கு நடுவே எழுதி அனுப்பவும் இடமுண்டு. அதில்தான் அவள் முழுத் திறமையும் இருந்தது. சந்தையில் வளர்ந்த வாய் அல்லவா. அடிக்கடி எதிரே வந்து மாட்டியவன் ஒருவன், பெயர் சிங்கம். இவளுக்கு ஈடுகொடுத்து ஆடியவன் அவன் ஒருவன்தான். அவன் வந்தால் அன்று அவள் முகமே வேறு.

"முள்ளு, பல்லிடுக்குல குத்தித் துப்பிடுவேன்," என்று அவன் எழுதுவான். இவள் பதில் எழுதிவிட்டு எங்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாள். "சிங்கமே, உன் கோல்கீப்பர் குளிக்கப் போயிட்டானா? கூப்பிட்டுக் கோலுக்கு முன்னால நிக்கச் சொல்லு." இவளை ஆண் என்றே நினைத்துக்கொண்டு அவன், "போய் உன் பொண்டாட்டிகூட விளையாடுய்யா," என்று ஒருநாள் எழுதினான். சந்தையே சிரித்தது. இவள் அவனைத் திருத்தவில்லை. அந்த ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டுவிட்டு, "போ, உங்கம்மா மடியில படுத்து அழு," என்று எழுதி அனுப்பினாள்.

இப்படி இருக்கும்போதுதான் அகெலோவுக்கு வரன் அமைந்தது. பையன் பெயர் சிலாஸ். அலேகோ பக்கம், மின்சார வேலை. அகெலோ பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், ஒழுங்கானவள், அம்மாவின் வாய்க்குப் பயந்தவள். பெண்ணின் தாயிடம் சம்மதம் கேட்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் குறித்தார்கள். ஆயியே என்போம். தாய் சம்மதம் என்று சொன்னால்தான் பையன் வீட்டார் பெண்ணுக்காகத் தரும் மாடும் மற்றதும் பேச முடியும்.

அகெலோ சந்தைக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவங்க சர்ச்சுக் குடும்பம். அவரோட பெரியப்பா ரொம்பக் கறார். நீ போன்ல விளையாடுறது அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்ல."

"திருடுறேனா நான்?"

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பேச்சே எடுக்காதம்மா. எனக்கு அவர விட்டா வேற யாரும் வேணாம்."

அபோண்டி பிளாஸ்டிக் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. வாயத் தெறக்கல," என்றாள்.

நியாகாச்சில் ஒக்வேனோவின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கோடி, அபோண்டியும் நாங்களும் மறு கோடி. எங்களில் மாமியாரும் மருமகனும் கை கொடுத்துக்கொள்வதில்லை, ஒரே கூரையின் கீழ் உண்பதில்லை, முகத்துக்கு நேரே பார்ப்பதுகூட இல்லை. இருவருக்கும் நடுவே கேலிப்பேச்சு என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள். சிலாஸும் முறை தவறாமல் தலையைக் குனிந்து, தன் செருப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பக்கத்தில். பெரியப்பா ஒபியேரோ முன்வரிசையில், கைத்தடியோடு.

அவரவர் தனித்தனி இடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பந்தலுக்குத் திரும்பியதும் ஓலாங் என்ற பாட்டுக்காரர் நியாதிதி யாழை மடியில் சாய்த்து வாசிக்கத் தொடங்கினார். வாசிப்பு இருந்தால் பக்ருவோக் இல்லாமல் போகுமா? யாருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டுமோ அவர் எழுந்து, பாட்டுக்காரர் கிண்ணத்தில் எதையாவது போட்டு வாசிப்பை நிறுத்தலாம். பிறகு நெஞ்சை நிமிர்த்தித் தன் பெருமையைத் தானே சொல்ல வேண்டியதுதான். அதில் அடக்கத்துக்கு இடமில்லை. அடங்கி உட்கார்ந்திருப்பதுதான் கேவலம்.

ஒபியேரோ நிறுத்தினார். "நான் ஒபியேரோ. என் மாடு தண்ணி குடிச்சா ஆறு வத்தும். என் தம்பி மகன் சிலாஸ் இதுவரைக்கும் எவன்கிட்டயும் தோத்துட்டு வீட்டுக்கு வந்ததில்ல." சொல்லிவிட்டு வாசிக்கச் சொன்னார். இன்னொருவர் நிறுத்தினார், தன் கல்வீட்டைப் பற்றிச் சொன்னார். மறுபடி ஒபியேரோ. இந்த முறை கைத்தடி எங்கள் பக்கம் நீண்டது.

"பொண்ணு வீட்டுல யாரும் நிறுத்த மாட்டேங்கறாங்களே. பெருமையா சொல்ல ஒண்ணுமே இல்லையோ? ஆம்பிள இல்லாத வீடு, பாவம்."

அபோண்டியின் மைத்துனர்கள் தரையைப் பார்த்தார்கள். அகெலோ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை லேசாக ஆட்டியபடி. வேண்டாம் என்று.

அபோண்டி எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு முழு ங்கெகே மீனை எடுத்துக்கொண்டு போய் ஓலாங்கின் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணம் மீனுக்குப் பத்தவில்லை. வால் வெளியே நீண்டது. வாசிப்பு நின்றது.

"நான் மின் அகெலோ. ஒக்வேனோ பொண்டாட்டி. அவர் பாதியில விட்டுட்டுப் போன விளையாட்ட நான் முடிச்சேன். அதுக்கப்புறம் மிட்டாய் உடைச்சேன், ரயில் முன்னால ஓடினேன், தோட்டம் போட்டேன், இப்பப் பந்து ஆடுறேன். போன்லதான். எந்த ஊரு ஆம்பிள வேணாலும் வரட்டும். எம் பேரு மீன்முள். சிங்கம்னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தன் வந்தான். அஞ்சு கோல் போட்டு, போய் உங்கம்மா மடியில படுத்து அழுன்னு அனுப்பி வச்சவ நான். ஆம்பிள இல்லாத வீடுதான் இது. ஆனா தோத்த வீடு இல்ல."

எங்கள் பக்கம் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். நானும்தான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் சிலாஸின் நண்பன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். சிலாஸ் வெளிறிப்போய்த் தன் செருப்பை இன்னும் உற்றுப் பார்த்தான்.

அந்தச் சிங்கம் யாரென்று எனக்குத்தான் முதலில் உறைத்தது என்று சொல்வேன். மருமகனோடு கேலிப்பேச்சு. மருமகனின் தாயை இழுத்து வசவு. அதையும் அந்தத் தாய் உட்கார்ந்திருக்கும் பந்தலில், அவள் காது கேட்க, பெருமையாகச் சொல்லியாயிற்று. அபோண்டிக்கும் புரிந்துவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். அகெலோ முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

"எந்திரிங்க எல்லாரும். போவோம்," என்றார் ஒபியேரோ, சிலாஸின் வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு.

யாரும் எழவில்லை, சிலாஸைத் தவிர. அவன் எழுந்து நேராக ஓலாங்கிடம் போனான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மீனின் மேல் வைத்தான். மாமியார் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மரியாதையாக, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"நிறுத்துங்க. நான் சிலாஸ், அலேகோக்காரன். பெரியப்பா சொன்னாரு, நான் தோத்துட்டு வீட்டுக்கு வந்ததில்லன்னு. வந்திருக்கேன். அந்தச் சிங்கம் நான்தான். அஞ்சு கோல் வாங்கிட்டு அன்னைக்கு ராத்திரி சோறு வேணாம்னு படுத்தேன். அம்மாவக் கேளுங்க. இங்க இருக்கிற ஆம்பிளைங்க எல்லாருக்கும் மாமியார் இருக்காங்க. எனக்கு வரப்போற மாதிரி ஒரு மாமியார் யாருக்காவது இருந்தா, எந்திரிச்சு நில்லுங்க. நானும் பாக்குறேன்."

ஒருவரும் நிற்கவில்லை. சிலாஸின் அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் தலைத்துணி நழுவியது.

"அந்த முள்ளு நீதானா? வயித்து வலின்னு சொன்னான் எங்கிட்ட. இஞ்சி வேற இடிச்சுக் குடுத்தேன்."

"மன்னிச்சுக்க, மின் சிலாஸ்," என்றாள் அபோண்டி.

"எதுக்கு? மடியில வந்து படுத்திருந்தாலாவது சோறு ஊட்டியிருப்பேன்."

ஒபியேரோ மட்டும் இறங்கி வரவில்லை. முறை என்ன ஆவது என்று கேட்டார். ஓலாங் தானாக வாயைத் திறந்தார். "ஜாதுவோங், பெரியவரே, கை குடுத்தாங்களா? ஒரே கூரையில சாப்பிட்டாங்களா? ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்தாங்களா? ஒண்ணும் இல்லையே. எம் மீன் ஆறிப்போகுது." பெரியவர் தாடியைத் தடவினார். இனி வசவு எழுதக்கூடாது, ஆட்டம் ஆடினால் ஆடிக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயிற்று. அபோண்டி எழுந்து துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "சம்மதம்," என்றாள். அகெலோவை அடுப்படியிலிருந்து நான்தான் இழுத்து வந்தேன்.

மாடுகள் வந்தன. எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் சந்தையில் கொஞ்ச நாளாக அபோண்டி வாடிக்கிடந்தாள். கேட்டால், "ஜெயிச்சேன்," என்று மட்டும் சொல்வாள். கரண்டி கீழே இறங்காது. கடைசியில் வெடித்தாள்.

"விட்டுக் குடுக்கிறான்டி. கோல்கீப்பர வேணும்னே ஒதுங்க வைக்கிறான். 'வாழ்த்துகள் அம்மா'ன்னு எழுதுறான். எனக்குப் பிச்சையா போடுறான் அவன்?"

நேரே திட்ட முடியாதே, மருமகன். மகளுக்குப் போன் போட்டாள். "உன் புருஷன்கிட்ட சொல்லு. இன்னொரு கோல் சும்மா குடுத்தான்னா, வந்த மாடு அத்தனையும் அலேகோவுக்கே திருப்பி ஓட்டிருவேன். உன்னையும் கூட்டியாந்துருவேன்."

"அம்மா, அது மரியாதைம்மா."

"என்னோட ஒழுங்கா ஆடுறதுதான் மரியாதை."

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் கடை விரித்துக்கொண்டிருந்தோம். அபோண்டி வந்த நடையிலேயே ஏதோ இருந்தது. நான் வழக்கம்போலக் கேட்டேன். "நேத்து என்ன விளையாடின?"

அவள் கரண்டியை வைத்தாள். அப்போதுதான் பொரித்த மீன்களில் பெரியதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, என் பொடிமீன் அளக்கிற கிண்ணத்தில் வைத்தாள். வால் வெளியே நீண்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கடைகளிலும் பேச்சு நின்றது.

"நான் மின் அகெலோ," என்றாள், சந்தை முழுக்கக் கேட்கும்படி. "நேத்து பந்து ஆடினேன். நாலு கோல் வாங்கித் தோத்தேன். என் மருமகன்கிட்ட."