‘போதும்’ என்று யாரிடம் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை வந்த கோபம் இது. இன்று எழுத உட்காரும்போதும் தணியவில்லை. அதனால் இந்த வாரம் பகிடி குறைவாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

தில்லையடியில் றிஸ்வி நானாவின் கருவாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு வேண்டியது கட்டா மீன் கருவாடு. அதிலும் றெஜினா அக்கா காயவைத்த கட்டா.

றெஜினா அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய ஊர்த் திருநாள் சமயத்தில் இதே இடத்தில் எழுதியிருந்தேன். கற்பிட்டியில், கண்டக்குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீனவக் கிராமம். கணவர் பாரிசவாதம் வந்து ஆறு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். அக்கா கடற்கரையில் கம்பு நட்டுப் பரண் கட்டி, மீன் கீறி, உப்புப் போட்டுக் காயவைத்து வீட்டை நடத்துகிறார். எப்படி அக்கா இருக்கிறீர்கள் என்று கேட்டால், “ஆண்டவர் எனக்குக் குறை வைக்கல்ல ரீச்சர்” என்று இந்த ஆசிரியையைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மயங்கி, மனநிறைவு என்றால் இதுதான் என்று ஒரு பத்தி முழுக்க உருகியிருந்தேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். நானும் நாலு பேரிடம் காட்டித் திரிந்தேன்.

நானா கடைக்குள் இருந்தபடியே கையை விரித்தார்.

“அந்த அக்காட சரக்கு இனி வராது போல ரீச்சர். காயப்போட எடம் இல்லயாம். லொட்ஜ்காரன் வேலி அடிச்சிட்டான்.”

“கேக்க ஆள் இல்லையா நானா? கோயில் சபை இருக்குத்தானே?”

“சபையா? நீங்க எழுதின பேப்பரத்தான் கோயில் போர்டுல ஒட்டி ஈக்காம்.”

என் பேப்பரா? அதற்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம்? கருவாட்டை மறந்துவிட்டு அடுத்த கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

கோயில் வாசலிலேயே அறிவித்தல் பலகை. பூசை நேரம், ஞாயிறு மறைக்கல்வி, கல்யாண ஓலை — நடுவில் என் முகம். என் பத்தியை வெட்டி, லெமினேட் பண்ணி, ஆணி அடித்திருந்தார்கள். ‘எந்த நிலையிலும் முறுமுறுக்காத பெண்’ என்று நான் எழுதியிருந்த வரிக்கு மட்டும் மஞ்சள் நிறம் பூசியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘நம் பங்குக்கு ஒரு முன்மாதிரி’.

பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு றெஜினா அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் பழைய தகரத்தைப் பரப்பி, அதில் மீனை அடுக்கியிருந்தார். காற்று இல்லாத முற்றம். ஈ மொய்த்தது. ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் காகம். அக்கா தென்னோலையால் விரட்டிக்கொண்டிருந்தார். பாதி மீன் பழுதாகிவிட்டது என்பதை மூக்கே சொன்னது.

“இரிங்க ரீச்சர்,” என்று கதிரையை இழுத்துப் போட்டார். கதையும் சொன்னார்.

அந்தக் கரையில் பரண் போடும் பெண்கள் யாருக்கும் காணி உறுதி கிடையாது, ஓலை கிடையாது. தாய் காயவைத்த இடம் மகளுக்கு, அவ்வளவுதான். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொழில் இல்லை. பரணைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் ஒரே ஒரு கம்பை மட்டும் மண்ணிலேயே விட்டுவைப்பார்கள். கம்பு நின்றால் இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த பருவத்தில் வந்து அந்தக் கம்பிலிருந்து பரணைக் கட்டத் தொடங்குவார்கள். அந்த ஒற்றைக் கம்பை யாரும் தொடமாட்டார்கள்.

திருநாளும் அந்த மாதங்களில்தான் வருகிறது. பந்தல் போட எல்லா வீட்டிலும் கம்பு கேட்பார்கள், எல்லாரும் கொடுப்பார்கள். இந்த வருடம் பந்தலுக்கு ஒரு கம்பு குறைந்ததாம். சபைச் செயலாளர் கரைக்கு வந்திருக்கிறார்.

“‘அக்கா, இந்த ஒண்டையும் தாங்க, மாதா சுருவம் வைக்கிற பக்கத்துக்கு நல்ல நேரான கம்பு வேணும்’ எண்டார் தம்பி. மாதாவுக்குத்தானே எண்டு நானும் எடுங்க எண்டன். அவரேதான் பிடுங்கினார் ரீச்சர். திருநாள் முடிஞ்சதும் நட்டுத்தாறன் எண்டும் சொன்னார்.”

நடவில்லை. சீசனுக்கு வெள்ளைக்காரர் வந்து குவிந்தார்கள், கைட் சேர்ஃபிங் என்கிற, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் விளையாட்டைப் பழக. பக்கத்து லொட்ஜ்காரருக்கு அந்தப் பட்டங்களை விரித்துவைக்க இடம் தேவைப்பட்டது. பார்த்தார். கம்பு இல்லாத ஓரிடம். அக்கா பரண் கட்டப் போவதற்கு முன்பே வேலியை இழுத்து அடைத்துவிட்டார்.

மாதாவுக்கு என்று கொடுத்த கம்பால் ஒரு பெண்ணின் பிழைப்புப் போகிறது. இதைக் கேட்டுவிட்டு நான் எப்படிக் கதிரையில் இருப்பது?

“சபையில சொன்னீங்களா அக்கா?”

“சொன்னன். உங்கட பேப்பரை எடுத்து வாசிச்சாங்க.”

நேரே செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர்தான், கோயில் வேலை என்றால் ஓடி ஓடிச் செய்வார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“உங்கட எழுத்துத்தான் ரீச்சர் எங்களுக்குப் பெரிய உதவி. அக்கா கொஞ்சம் மனம் குழம்பித்தான் இருந்தா. கிறிஸ்தவங்க நாங்க, இருக்கிறதில நிறைவா இருக்க வேணும் எண்டு எடுத்துச் சொன்னம். திருநாளுக்கு லைற் முழுக்கப் போட்டது லொட்ஜ் ஐயாதான். அவரோட போய்ச் சண்டை பிடிக்கிறதா? அக்காவுக்கு லொட்ஜ் குசினியில ஒரு சமையல் வேலை தாறன் எண்டும் சொல்லியிருக்கார்.”

“கம்பைப் பிடுங்கினது யார்?” என்று கேட்டேன்.

“அதை இப்ப ஏன் கதைக்க வேணும் ரீச்சர்...”

அதை இப்போது கதைக்காமல் எப்போது கதைப்பது?

ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. மனநிறைவைப் பற்றிய பிரசங்கம் எல்லாம் ஏன் எப்போதும் இல்லாதவர் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது? லொட்ஜ்காரரிடம் கட்டடம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, முன்னால் நீளக் கரை இருக்கிறது. ‘ஐயா, இது போதும், இதில் நிறைவாக இருங்கள்’ என்று அவரிடம் யாராவது போய்ச் சொன்னார்களா? அவர் வீட்டுச் சுவரில் என் பத்தியை ஒட்டினார்களா? லைற் போட்டவருக்கு ஆசை இருக்கலாம், கம்பு கொடுத்தவளுக்கு நிறைவு மட்டும் இருக்கவேண்டும் — இது எந்த ஊர்க் கிறிஸ்தவம்?

எந்த நிலையிலும் நிறைவாக இருக்கப் பழகிக்கொண்டதாக ஒரு அப்போஸ்தலர் எழுதினார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் சிறைக்குள் இருந்துகொண்டு எழுதினார். கைதி தன்னைப் பற்றி எழுதியது அது. சிறைக் கதவைப் பூட்டியவன் அதை எடுத்துக் கைதிக்கே வாசித்துக் காட்டினால், அதற்குப் பெயர் விசுவாசம் இல்லை.

சரி, செயலாளரைத் திட்டிவிட்டேன். லொட்ஜ்காரரையும் திட்டிவிட்டேன். இனி என் முறை.

திருநாள் சமயத்தில் நான் பேட்டி எடுக்கப் போனபோது றெஜினா அக்கா இன்னொன்றும் சொன்னார். “லொட்ஜ் ஆக்கள் கயிறு பிடிச்சுக் கரையை அளக்கிறாங்க ரீச்சர். எனக்குப் பயமா இருக்கு. அதையும் எழுதுங்க.” எழுதினேனா? இல்லை. நோட்டில் குறித்துக்கொண்டு வந்து வெட்டிவிட்டேன். உருக்கமான ஒரு பத்திக்குள் கயிறும் அளவும் எதற்கு என்று நினைத்தேன். பயப்படுகிற பெண் எனக்குத் தேவைப்படவில்லை. சிரிக்கிற பெண்தான் தேவைப்பட்டது. அப்போதே எழுதியிருந்தால் யாராவது ஒருவர் போய்க் கம்பைத் திரும்ப நட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபைக் கூட்டம். நானும் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். செயலாளர் தொடங்கினார். மறுபடியும் மனநிறைவு. மறுபடியும் என் பேப்பர். நான் எழும்பப் போனேன். அதற்கு முன் றெஜினா அக்கா எழும்பிவிட்டார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போடாமல்தான் கதைத்தார்.

“தம்பி, நான் நிறைவாத்தான் இருக்கிறன். அவர் படுக்கையில விழுந்த அண்டைக்கும் இருந்தன், இண்டைக்கும் இருக்கிறன். அதை எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம். நான் உங்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான். அந்த இடத்தில என்ட கம்பு நிண்டது. நீங்கதான் பிடுங்கினீங்க. அதை லொட்ஜ்காரரிட்ட வந்து உங்கட வாயால சொல்லுங்க.”

பந்தலுக்குக் கம்பு கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் செயலாளரையே பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். பிறகு விரித்தார். பிறகு மறுபடியும் மடித்தார்.

“ஓம் அக்கா,” என்றார் கடைசியில். “நான்தான் பிடுங்கினன்.”

அடுத்த நாள் காலையில் அக்காவோடு லொட்ஜுக்குப் போய் அதையே சொல்லவும் செய்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். லொட்ஜ் ஐயா கோப்பி கொடுத்து உபசரித்தாராம். “யோசிச்சுச் சொல்றன்” என்றாராம். நான் இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மீன் தினமும் கரைக்கு வருகிறது. அது யோசிப்பவருக்காகக் காத்திருக்காது, நாறிவிடும்.

அன்றைக்குப் பின்னேரம் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்ல’ என்று அவர் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் கேட்டேன்.

“உங்களுக்குக் கோபமே வரல்லையா அக்கா?”

“வந்தது. செபமாலை சொல்லும்போதும் வந்தது. கோபத்தோடதான் சொல்லி முடிச்சன்.”

“அப்ப அந்த நிறைவு?”

“அது வேற ரீச்சர். ஆண்டவரோட எனக்கு ஒரு குறையும் இல்ல. என்ட குறை வேலியோடதான்.”

போன தடவை முதல் பாதியை மட்டும் அச்சில் போட்டவள் நான்.