ஆணியில் மாட்டிய ஷிம்

மட்டாஞ்சேரியில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய ஒர்க்‌ஷாப்பில் கடைசியாகச் செய்த வேலை, யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்தவரின் கறுப்புக் கார். என்ஜின் முழுவதையும் பிரித்துப் புதுப்பித்தார்கள். அது முடிந்ததும் சித்தப்பா களமசேரிக்குக் குடிபோய் அங்கே ஃபேக்டரி வேலையில் சேருவதாக வீட்டில் பேச்சு. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கார் ஓடியதும் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அது மட்டும்தான் ஏறியது.

வேலை கேம்ஷாஃப்டில் வந்து நின்றது. வால்வுகளைத் திறந்து மூடும் அந்தத் தண்டு முன்னும் பின்னும் மயிரிழை அளவு நகரலாம், அதற்கு மேல் ஆகாது. அதற்காக முனையில் காகிதம் போல மெல்லிய இரும்பு வளையம் ஒன்று வைப்பார்கள். ஷிம் என்று பெயர். சித்தப்பா ஷிம்மைப் போட்டு முறுக்கி, தண்டைத் தள்ளி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை இடுக்கில் நுழைத்துப் பார்த்தார்.

“கரெக்டா இருக்கு அண்ணா. மூடிடலாம்.”

அப்பா குனிந்து பார்த்தார். “லூசாத் தெரியுதுடா. கழட்டு.”

சித்தப்பா கழற்றினார். துடைத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். மறுநாள் போட்டது அப்பாவுக்கு இறுக்கம். அடுத்தது மறுபடி லூஸ். எர்ணாகுளம் போய் வாங்கிவந்ததும் சரிப்படவில்லை. அவையெல்லாம் டப்பாவுக்குள் போயின. ஒவ்வொரு தடவையும் சித்தப்பா மறுபேச்சில்லாமல் கழற்றினார். எனக்கு அப்பாமேல் அப்படியொரு கோபம்.

கார்க்காரர் வந்து எட்டிப்பார்த்தார். “எந்தா மேஸ்திரி, மோளோட கல்யாணத்துக்கு வண்டி கிட்டுமா, இல்ல அவ பிள்ளையோட கல்யாணத்துக்கா?”

அப்பா சிரிக்கவில்லை. சோறு போடும்போது அம்மா கேட்டாள்: “அந்த வண்டி ஓடணுமா, இங்கயே நிக்கணுமா உங்களுக்கு?”

“அளவு சேரலடி” என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஒரு காலையில் சித்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். அன்று சித்தப்பா ஆணியில் கிடந்த அந்த முதல் ஷிம்மை எடுத்துப் போட்டு முறுக்கினார். கேஜைத் தொடவில்லை.

“இப்ப பாருங்க அண்ணா.”

அப்பா வெறும் ஆணியைப் பார்த்தார். குனியவில்லை. “சரி. மூடிடு.”

வண்டி ஓடியது. நான் முன்சீட்டில். அப்பா வரவில்லை, மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு நின்றார். சித்தப்பா வழி முழுக்கப் பேசவில்லை. என்ஜின் சத்தத்தைக் கவனிக்கிறார் என்று நானும் சும்மா வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்கப் போனவன் நான். களமசேரியில், சித்தப்பா வீட்டில் தங்கித்தான் பாலிடெக்னிக் படித்தேன். லேபில் ஃபீலர் கேஜைக் கையில் பிடித்த அன்றுதான் தெரிந்தது. அளவு சரியாக இருந்தால் தகடு லேசாக உரசிக்கொண்டு போகும். அது கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அப்பா ஒரு தடவைகூட கேஜைக் கையில் வாங்கவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்பில் அந்த வண்டி ஓடவேண்டுமென்று ஆசைப்பட்டவன் நான் ஒருவன்தான்.