தம்பி தலைக்குள் வெளிச்சம்

என் தம்பி பிறந்த வருஷம் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. அதுவரை எங்கள் மாட்டுங்கா வீட்டை ஒற்றைப் பெண்ணாக இருந்து ஆண்டவள் நான். அவன் வந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிடக்கூட அம்மாவுக்கு நேரமில்லை. நானே ஏதோ முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவனுக்குத் தலை கொஞ்சம் பெரிசு. பக்கத்து வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டு, "மூளைக்காரன். ட்ராம்பே அணு ஆராய்ச்சி ஆபீசுக்கு சயன்டிஸ்டாப் போவான், பாருங்கோ" என்றாள். வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவள் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். வயிறு எரியாதா?

மாதம் போகப் போக அந்தத் தலை இன்னும் பெரிசானது. செம்பூரில் ஒரு டாக்டரிடம் காட்ட அப்பா லீவு போட்டார். என் காய்ச்சல் எதற்கும் லீவு போடாத அப்பா. வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் பாலக்காட்டுக்காரர். ஜன்னல் இல்லாத உள்ளறையில் எங்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமாம், காத்திருந்தோம். பிறகு, முகப்பில் ரப்பர் வளையம் மாட்டிய டார்ச் ஒன்றைத் தம்பியின் தலையில் ஒட்டவைத்துப் பொத்தானை அமுக்கினார். தலை பூராவும் சிவப்பாக ஒளிர்ந்தது. கொலுவில்கூட அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் மூச்சுவிடாமல் அவனையே பார்த்தார்கள். என்னை ஒரு நாளாவது யாராவது அப்படிப் பார்த்ததுண்டா?

"எனக்கும் வைங்கோ" என்றேன்.

"சும்மா இருடி" என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"ஆத்து டார்ச்சுல என் விரல் சிவப்பா எரிஞ்சுது, கன்னம் எரிஞ்சுது. தலையும் எரியும். அவனைவிட நன்னா எரியும்."

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, என்னைக் கூப்பிட்டு முடியை விலக்கி டார்ச்சை வைத்தார். முன்னால் வைத்தார், பின்னாலும் வைத்தார்.

"எரியறதா?" என்று கேட்டேன்.

"இல்லை, வெறும் இருட்டு. நல்ல தலை" என்றார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். நீர் கோத்த தலைக்குள்தான் வெளிச்சம் அப்படிப் பரவும், மூளை நிறைந்த தலை இருட்டாகத்தான் இருக்கும் என்று அந்த அறையில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அவன் பிறந்த பிறகு அந்த மடி எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு எரியவில்லையே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

"அழாதேம்மா. அடுத்த தடவை எனக்கும் எரியும், பாரேன்" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். ஆசைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாளே, எல்லாம் அவனுக்கு மட்டுமே வேண்டுமா இவளுக்கு என்று பஸ் சுனாபட்டி ஸ்டாப்பைத் தாண்டும்வரை தம்பியை முறைத்துக்கொண்டே வந்தேன்.