மகளின் நேர்முகத்தில் நான்

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அதிகாரியாக இருந்த காலத்தில் நேர்முகப் பரீட்சை நடத்தியே பழகியவன் நான். மகளுக்கு மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு நேர்முகம் வந்தது; அலுவிகாரையில் எங்கள் வீட்டிலிருந்தே, கணினியில். கமராவில் படாமல், டை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கேள்விக்கு அவள் "தெரியாது" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லும்மா" என்று கிசுகிசுத்தேன்.

"பக்கத்துல யாரு? விடை சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார் திரையில் இருந்தவர்.

வேலை போச்சு என்று நினைத்தேன். மகள் கமராவைத் திருப்பினாள். மேலே டையும் இடுப்பில் சாரமுமாக எழுந்து நின்றேன்.

"எங்கப்பா, சார். இவருக்கு கம்பியூட்டரை ஓஃப் பண்ணவே தெரியாது."

அவர் சிரித்து, என்னை வெளியே அனுப்பினார். கதவுக்கு வெளியே நின்று நகம் கடித்தேன். அவள் வந்ததும், "என்னம்மா கேட்டாங்க?" என்றேன்.

"எடுத்துட்டாங்கப்பா. தெரியாததத் தெரியாதுன்னு சொன்னது பிடிச்சிருந்ததாம்."

அந்தப் பதிலைச் சொன்ன ஒருவரையும் நான் எடுத்ததில்லை.