வாட்ச்மேனிடம் கேட்ட கேள்வி

காலையில் போலாரம் பஸ். முன் சீட்டில் ஒரு தமிழ் அப்பாவும் மகளும். பெண் நாடகம் படிக்கப் போகிறாளாம். அப்பா மடியில் இரண்டு கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள்.

"இதுல ஏசி ஆடிட்டோரியமே இருக்கு, பாரும்மா" என்றார்.

"நாலு மணிக்குப் பூட்டிருவாங்கப்பா."

"யார் சொன்னா?"

"வாட்ச்மேன். ரெண்டு காலேஜ்லயும் கேட்டேன்."

"நான் பிரின்சிபால்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தேன். நீ வாட்ச்மேன்கிட்டயா பேசிட்டிருந்த?"

"ஹவ்" என்று அந்த ஊர் பாணியில் 'ஆமாம்' சொன்னாள், கூச்சமே இல்லாமல். "இன்னொண்ணு, அந்தத் தகர ஷெட் காலேஜ்ல, சாவி வாட்ச்மேன்கிட்டயே இல்லப்பா. ஸ்டூடண்ட்ஸ்தான் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமைகூட ரிகர்சல் நடக்குமாம். எனக்கு அது போதும்."

லோத்குண்டா ஸ்டாப் தாண்டியது. அப்பா ஏசி கல்லூரியின் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, தகர ஷெட் கல்லூரியுடையதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். எனக்கு இருவரையும் பிடித்துப்போனது.

என்னை இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்க்கும்போது என் அப்பாவும் பிரின்சிபாலிடம் ஒரு மணி நேரம் பேசினார்; நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு கேள்விகூட இருக்கவில்லை.

நீங்களாவது ஏதாவது கேட்டீர்களா?