மயில் வெடி

எங்கள் கடைக்கு வருகிறவர்களை நான் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். வாங்க வருகிறவர்கள். வாசித்துப் பார்க்க மட்டும் வருகிறவர்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, கீபோர்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். மூன்றாவது வகையினர்தான் ரொம்பப் பணிவானவர்கள். டீ வந்தால் "எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்" என்று மறுத்துவிட்டுக் குடிப்பார்கள். "வீட்ல கேட்டுட்டு வாரோம்" என்று சொல்லிப் போவார்கள். அடுத்த வாரமே பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

"அண்ணாச்சி, ஆன்லைன்ல வாங்குனோம். அடாப்டர் சேர மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

சித்தப்பா பார்ப்பார். திட்டிக்கொண்டே பார்ப்பார். அடாப்டர் சேர்ந்ததும் அவரே ஒரு ராகத்தை வாசித்து, "நல்ல செட்டுதான்" என்று தடவிக் கொடுத்து அனுப்புவார். கூலி கேட்க மாட்டார். அதற்கும் சேர்த்து அன்று மாலை முழுவதும் என்னிடம் புலம்புவார்.

சிவகாசி பஜாரில், ஒரு காலண்டர் அச்சகத்துக்கு எதிரே இருக்கிறது அவருடைய இசைக்கருவிக் கடை. கீபோர்டு, கிட்டார், டிரம் பேட், ஆர்மோனியம், தபேலா எல்லாம் உண்டு. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் ஹெட்போன்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவை மூடியதும் ஊருக்கு வந்தேன். அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லிக் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள்தான்.

மாசி மாதம் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கியபோது கடையின் நடுவே, சுவரிலிருந்து சுவருக்கு, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு கிடந்தது. நான் குதித்துத் தாண்டினேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

"முன் பாதிய போன் கவர் விக்கிறவரு கேக்காரு. நேத்து கார்பென்டர் அண்ணாச்சி வந்து அளந்துட்டுப் போனாரு. வாடகை பாதியாயிரும்ல."

"அப்ப நாம?"

"பின்னாடி. சந்து வழியா."

"சந்துக்குள்ள நம்மள யாரு சித்தப்பா தேடி வருவா?"

"இப்ப மட்டும் என்னையத் தேடியா வாராக? மாடல் நம்பரத்தான தேடி வாராக."

ஆனாலும் அவரிடம் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. சாத்தூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடம் ஆறு கீபோர்டு வாங்கப் போகிறது. அந்த ஆர்டர் எங்களுக்கு வந்தால் கோட்டை அழித்துவிடுவார். வராவிட்டால் பங்குனி பிறந்ததும் பிளைவுட் தட்டி எழும்பிவிடும்.

அந்தப் பள்ளியின் இசை ஆசிரியை இரண்டு நாளில் வந்தார். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். எதையும் நேராகச் சொல்லிவிடுவார்.

"அண்ணே, ஆன்லைன்ல வெல கொறச்சலா இருக்கு. எங்க கரஸ்பான்டன்ட் அதைத்தான் வாங்கச் சொல்றாரு. போன்ல சொன்னா வருத்தப்படுவீகன்னுதான் நேர்ல வந்தேன்."

சித்தப்பா கிட்டார் கம்பிகளை அடுக்குகிற பாவனையில் திரும்பிக்கொண்டார். ஆசிரியை எழுந்தார். எழுந்தவர் காட்சிக்கு வைத்திருந்த கீபோர்டைப் பார்த்ததும் ஏதோ நினைவுவந்து ஒரு பொத்தானை அமுக்கி, ஒரு கட்டையை அழுத்தினார். 'பிச்' என்றது.

"இதுலயும் இதே கததானா? ஏம்மா, இது வெடிச் சத்தமா? நீயே சொல்லு."

ஆண்டு விழாவில் திருவிழாக்களைப் பற்றி ஒரு நடனமாம். கடைசியில் தீபாவளி வருகிறது. மேடையில் நிஜ வெடி போட முடியாது என்பதால் பள்ளியில் இருக்கும் கீபோர்டில் வரும் வெடியை ஒத்திகையில் போட்டிருக்கிறார். "ஆறாங்கிளாஸ் பிள்ளைக ஆட மாட்டேங்குதுக. ஒண்ணு அப்பளம் நொறுங்குதுங்குது. இன்னொண்ணு, 'நமத்துப் போச்சு டீச்சர், வெயில்ல காயப் போடுங்க'ங்குது. ஒரே சிரிப்பாணி. இந்த ஊருப் பிள்ளைகளப் போயி எதைக் காட்டி ஏமாத்த?"

"ஆன்லைன்ல வர்ற செட்டுல?"

"அதுல ஹெலிகாப்டர் இருக்கு, நாய் இருக்கு, கடல் இருக்கு. வெடி இதேதான்."

"நம்ம ஊரு வெடியவே நான் ஏத்தித் தாரேன் டீச்சர். அப்ப ஆறும் எங்ககிட்ட வாங்குவீகளா?"

நிதானமாகத்தான் சொன்னேன். எனக்குள்ளே மட்டும் யாரோ துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை என்னைப் பார்த்தார், சித்தப்பாவின் முதுகைப் பார்த்தார். "பிள்ளைக சிரிக்காம ஆடுச்சுன்னா கரஸ்பான்டன்ட்ட நான் பேசிக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டோன் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. நிஜமான ஒரு சத்தத்தைப் பதிவு செய்து, சுத்தம் செய்து, பென்டிரைவ் வழியாகக் கீபோர்டுக்குள் போட்டு, ஒரு கட்டையில் உட்கார வைக்க வேண்டும். சென்னையில் இதைவிடக் கஷ்டமானதைச் சலிப்போடு செய்திருக்கிறேன். இங்கே எனக்குத் தூக்கம் வரவில்லை.

சித்தியின் அண்ணன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவரிடம் போய் நின்றேன். "ஆலைக்குள்ள போனையே விட மாட்டாக. நீ மிசினைத் தூக்கிக்கிட்டு வாரியாக்கும்" என்றவர், ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுப் பக்கத்துப் பொட்டலுக்கு வரச் சொன்னார். நான் பட்டியல் போட்டு எடுத்துப் போனேன்: ரெக்கார்டர், மைக், காற்றுச் சத்தத்துக்குப் பஞ்சு உறை, ஹெட்போன், குடை. மாமா பட்டியல் போடாமல் கொண்டுவந்தவை: இரண்டு வாளித் தண்ணீர், ஒரு சாக்கு மணல், முழ நீள ஊதுவத்தி, ஒரு பை நிறைய வெடி. சித்தப்பா துண்டோடு வந்தார்.

யாருடைய பட்டியலிலும் மயில் இல்லை.

முதல் வெடி அருமையாக வெடித்தது. அடியில் ஒரு கனம், மேலே ஒரு கூர்மை. ஹெட்போனுக்குள் எனக்குப் புல்லரித்தது. அது அடங்கும் முன்பே கருவேலம் புதருக்குள்ளிருந்து "ஆவ்... ஆவ்..." என்று ஒரு மயில் பதில் சொன்னது.

இன்னொன்று போட்டோம். டமார். "ஆவ்."

சித்தப்பா துண்டை வீசிக்கொண்டு புதரை நோக்கி ஓடினார். மயில் ரொம்ப அவசரப்படாமல் நடந்து அடுத்த புதருக்குப் போனது. டமார். "ஆவ்." இப்போது வேறொரு திசையிலிருந்து இரண்டாவது மயிலும் சேர்ந்துகொண்டது.

"இம்புட்டு வருசமா வெடி போடுதேன்" என்றார் மாமா, ஊதுவத்தியைக் கையில் பிடித்தபடியே. "ஒரு பய இப்படி மரியாதையா பதில் சொன்னதில்ல."

"மச்சான், நீரு சும்மா இரும். ஏலே மயிலு, போலே அங்கன!"

"மெதுவாப் பேசுங்க, சித்தப்பா. அதுவும் பதிவாகுது."

"ஆகட்டும்! ஸ்கூல்ல போட்டுக் காட்டு!"

நான் அழுத்தமான ஆள் என்று வீட்டில் பெயர். அன்று குடையைக் கீழே போட்டுவிட்டு, மணல் சாக்கின் மேல் உட்கார்ந்து, விலா நோகச் சிரித்தேன். பதிவில் அதுவும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மயிலை வெட்டினேன், சித்தப்பாவை வெட்டினேன், என் சிரிப்பையும் வெட்டினேன். சுத்தமான ஒற்றை வெடி ஒன்று கிடைத்தது. அதை ஒரு கட்டையில் வைத்தேன். வெட்டாத ஒன்றை அழிக்க மனமில்லாமல், விளையாட்டுக்கு அடுத்த கட்டையில் வைத்தேன்.

ஆசிரியை கேட்க வருவதாகச் சொன்ன நாளில், சித்தப்பா கடையிலேயே பெரிய ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்து வைத்து அதில் கீபோர்டை இணைத்துவிட்டார். "கேட்டா டீச்சர் மெரளணும்" என்றார். நான் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை. கட்டையை அழுத்திவிட்டார்.

பஜார் நின்றது.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு எத்தனை வெடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேலை நாளில், பட்டப்பகலில், ஒற்றையாக ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான். அன்று அது எனக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு அண்ணாந்து நின்றார். பாதித் தெரு போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தது. எதிர் அச்சகத்தில் காலண்டர் மடிக்கிற அக்கா வாசலுக்கு வந்து, மறுபடி மறுபடி ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்.

நான் தெருவுக்கு ஓடினேன். "அக்கா, ஒண்ணுமில்ல! கீபோர்டு! எங்க கடைக் கீபோர்டு சத்தம்!"

"எடுக்க மாட்டேங்காருடி" என்றார். நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

நிரூபித்துக் காட்டத்தான் வேண்டும். ஒலியைக் குறைத்துவிட்டு அவசரத்தில் கட்டையை அழுத்தினேன். விரல் அடுத்ததன் மேல் விழுந்தது. டமார்.

"ஆவ்... ஆவ்..."

தெரு முழுவதும் எங்கள் கடையைப் பார்த்துத் திரும்பியது. அதற்குப் பின்னாலேயே ஸ்பீக்கரிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது: "ஏலே மயிலு, போலே அங்கன!"

முதலில் சிரித்தது டீக்கடைக்காரர். பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் அக்காவின் போனில் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அக்கா மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஒண்ணுமில்ல... சும்மாதான் போட்டேன். சாப்பிட்டீகளா?"

போனை வைத்துவிட்டு நேராகக் கடைக்குள் வந்தார். சித்தப்பா ஸ்பீக்கருக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டார்.

"அண்ணாச்சி, இன்னொரு மட்டம் மயிலு இல்லாம வெடிச்சீக, இந்தக் கடைய நானே பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருவேன், ஆமா."

"சரி தாயி" என்றார் சித்தப்பா, தாழ்ந்த குரலில்.

அக்கா திரும்பி வாசலைத் தாண்டியதும்தான், படியில் ஆசிரியை நிற்பதைப் பார்த்தோம். ஆட்டோவில் வந்தவர், சத்தம் கேட்டுப் பாதி வழியில் இறங்கி, அவரும் வானத்தைப் பார்த்திருக்கிறார். முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஆர்டர் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, அது அசல் வெடிதான். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றார். "அதான் வேண்டாங்கேன். எங்க பிள்ளைகளோட அப்பா அம்மா பாதிப் பேரு ஆலைக்குப் போறவங்க. விழாவுல இதப் போட்டா பெஞ்சு எல்லாம் காலியாயிரும்."

சித்தப்பா தரையைப் பார்த்தார். கோடு அங்கேதான் இருந்தது.

"அந்த ரெண்டாவது இருக்குல்ல, மயிலு" என்றார் ஆசிரியை. "அதப் போடுங்க. ஆறுலயும் போடுங்க. அண்ணன் குரல மட்டும் எடுத்துருங்க."

அன்றைக்கே அந்தச் சுத்தமான வெடியை அழித்தேன். நான் பதிவு செய்ததிலேயே மிகத் துல்லியமான சத்தம் அது. துளிகூட வருத்தமில்லை.

விழாவுக்குப் போயிருந்தோம். தீபாவளி வந்தது. டமார் என்றதும் பெற்றோர் வரிசைகளில் சில தலைகள் நிமிர்ந்தன, ஒரு அப்பா எழுந்தே விட்டார். உடனே மயில் அகவியது. எழுந்தவர் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் பிள்ளைகள் தோகை விரிக்கிற மாதிரிக் கையை விரித்தார்கள். அதை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்களாம்.

பிறகு அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. "ஆன்லைன்ல வாங்குனதுதான் அண்ணாச்சி. மயில் வெடி ஏத்தித் தருவீகளா?" சித்தப்பா இப்போது திட்டுவதில்லை. கூலியை எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறார். "எங்க வாங்குனா என்ன, இங்கனதான வந்தாகணும்" என்று அவர்கள் எதிரிலேயே சொல்கிறார். வந்தவர்கள் கேட்ட சத்தங்களை நான் எழுதி வைத்திருக்கிறேன்: இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற கூட்டத்தின் குலவை, ஒரு சர்ச் மணி, அச்சு இயந்திரம் ஓடுகிற தாளம், ஒருவருக்கு அவர் மாமியார் தும்முவது. கடைசியானதற்கு மாமியாரிடம் அனுமதி கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இவர்களில் சிலர் ஏற்றக் கொண்டுவந்துவிட்டு, இன்னொரு கீபோர்டை எங்களிடமே வாங்கிப் போகிறார்கள். அவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்டர் கிடைத்த குதூகலத்தில் சித்தப்பா ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டார். பங்குனி பிறந்ததும் கார்பென்டர் அண்ணாச்சி பிளைவுட் பலகைகளோடு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். கடைக்குள் ஆள் நிறைய. அவர் குனிந்து கால்களுக்கு நடுவே தேடினார்.

"கோடு எங்கே?"

"மிதிச்சே அழிச்சிட்டாக, அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்தார். "சரி, வந்தது வந்துட்டேன். அந்த மயிலு எந்தக் கட்டை?"

காட்டினேன். ஒற்றை விரலால், ஆணியைச் சோதிக்கிற மாதிரி அழுத்தினார். டமார்.

எதிர் அச்சகத்தில் அக்காவின் கை காலண்டர் தாளில் அப்படியே நின்றது. மயில் அகவியது. தாள் மடிந்தது.

பிளைவுட்டைத் திருப்பி அனுப்பவில்லை. கீபோர்டுகளை வரிசையாக வைக்க, தெருவைப் பார்த்து அது ஒரு நீள மேசையாகியிருக்கிறது.