அடுப்போரம் வைத்த பேட்டரி

2008ஆம் வருசம், தைப் பொங்கல் முடிந்த வாரம். இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். இதை எழுதவும் ரொம்ப நாள் யோசித்தேன்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள் லீவில் வந்தபோது, ரிமோட்டில் பறக்கிற சின்ன ஹெலிகொப்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போய்க் கொடுத்ததாம். அதோடு மூன்று பேட்டரி. வெள்ளித்தாள் சுற்றிய டொபி மிட்டாய் மாதிரித் தட்டையாக இருக்கும்.

லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார் என்று பார்த்தால், என் வீட்டுக்காரரே அதை எடுத்துக்கொண்டார். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பின்னேரமானால் லயத்துக்கு முன்னால் நின்று பறக்க விடுவார். மகள் திரும்பிப் போகுமுன் சொல்லிக்கொடுத்தபடி, பேட்டரி சூடு ஆறிய பிறகுதான் சார்ஜில் போடுவார். பச்சை லைட் வந்ததும் கழற்றிப் பால்மா டின்னுக்குள் வைப்பார்.

"பெரியப்பா, அதை மலைக்கு அனுப்பி நாலு கிலோ கொழுந்து எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று வேலை விட்டு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"அதுக்கும் ஒரு கங்காணி வேணும்ல, நீ வர்றியா?" என்பார் இவர்.

தை மாதப் பனியில் அது சரியாகப் பறக்கவில்லை. ஏறின வேகத்தில் இறங்கிவிடும். "குளிருக்குப் பேட்டரி வெறைச்சுப் போகுது" என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் டோர்ச் பேட்டரி மங்கினால் அடுப்போரத்தில் வைத்துச் சூடேற்றுவோம். இன்னும் இரண்டு நாள் எரியும். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இதற்கும் அதுதான் வைத்தியம் என்று நினைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

அன்றைக்கு அவர் தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தார். டின்னிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து அடுப்போரம் வைத்துவிட்டு, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போனேன். திரும்பி வந்தபோது அது பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. ஒரு மாதிரி இனிப்பான நாற்றம். இடுக்கியால் தூக்கிக்கொண்டு பின் கதவுக்கு ஓடினேன். வெளியே மூன்று நான்கு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று வெட்கமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, அதை மூலையில், விறகுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். உஸ்ஸென்று சீறிக்கொண்டு நெருப்பு வந்தது. காய்ந்த விறகு பற்றிக்கொண்டது. அப்போதும் நான் யாரையும் கூப்பிடவில்லை. சாக்கை நனைத்து அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புகை கூரைக்கு ஏறியது.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு நாள் குழந்தையும் தாயும் படுத்திருந்தார்கள். புகை சுவரைத் தாண்டி அங்கே இறங்கியது. குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுபோனது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று தெரியாது. சுவரை இரண்டு கையாலும் அடித்து, "நெருப்பு! புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடு!" என்று கத்தினேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மண்ணும் தண்ணீருமாகப் போட்டு அணைத்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது வீரிட்டு அழுதது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

அடுப்புத் தீப்பொறிதான் தெறித்திருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னேர பஸ்ஸில் அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சிரிப்பீங்க."

"சிரிச்சிட்டுப் போறேன். அதுல என்ன கொறஞ்சிடப் போகுது?" என்றார். மிச்ச இரண்டு பேட்டரியையும் டின்னோடு வெளியே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி நெருப்பை மறைக்கப் பார்த்ததையும் சேர்த்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் கல்யாணமாகி வந்து மூணு வருசம் பெரியம்மா. ஒங்க கொரலையே நேத்துத்தான் கேட்டேன். கொஞ்சம் முந்தியே கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவள் கோபமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்தை நினைத்தால், நாலு பேர் சிரிப்பது ஒரு பெரிய விசயமாகவே எனக்கு இப்போது தோன்றுவதில்லை.